கல்லும் பட்டையும்

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், தம் எட்டு வயதுப் பிள்ளை கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கிவிட்டதாகச் சொல்லிப் பூரித்துப் போனார். பக்கத்தில் ஒருவர் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு இளவட்டக்கல் ஞாபகம் வந்தது.

தென்பாண்டிக் கிராமங்களில் அந்த உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்பார்கள். கல்லுக்குச் சிபாரிசும் தெரியாது, தட்சிணையும் தெரியாது.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் ஜூடோப் பள்ளி தொடங்கினார். மறுவருஷம் இரு சீடர்களுக்கு 'ஷோடான்' படி அளித்தார். கறுப்புப் பட்டை அதற்கு அடையாளமாகப் பின்னால் வந்தது. 1924-இல் கராத்தேயும் அந்தப் படியை ஏற்றது. ஷோடான் என்றால் ஆரம்பப் படி என்றே பொருள்.

ஆகவே பரீட்சை கல்லைப் போல் இருக்கட்டும்: பழகினவன் தூக்கலாம்; பழகாதவன் ஏமாற்ற முடியாது. தூக்கினவனுக்கோ, குடித்தனச் சுமை அன்றுதானே ஆரம்பம்!