மாஞ்சோலை வரை வந்த குப்பி

கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குப்பி. அடியில் வெள்ளைத் தூள் ஒட்டிக் கிடக்கும். பத்து மில்லிலீற்றர் நீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைதான் எழும். நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்கும் இது ஒன்றே முறி. கண்ணாடி விரியனை வன்னியில் புடையன் என்றால்தான் விளங்கும். முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்கு வரும் பாம்புக்கடி நோயாளிக்குக் கரைத்து ஏற்றுவது இந்தக் குப்பியைத்தான். அது பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. அங்குள்ள முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை மூடின. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் சங்கம் தொடங்கியது. தோலுக்காகக் கொன்ற பாம்பை விஷத்துக்காக உயிரோடு பிடிக்கத் தொடங்கினார்கள். பிடித்த பாம்பு மண்பானையில் மூன்று வாரம் வரை இருக்கும். சில நாள் இடைவெளியில் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் விஷமுறி மருந்து செய்வதற்கான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மருத்துவ ஆராய்ச்சி ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது என்று மேடைகளில் சொல்வார்கள். இந்த மருந்து எலிவளை வாசலில், மண்ணில் பதிந்த தடத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் தொடங்குகிறது.

அங்கிருந்து விஷம் குதிரைக்குப் போகிறது. சிறுகச் சிறுக ஏற்றிய விஷத்துக்கு எதிராகக் குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஊறும். அதைப் பிரித்து, நொதியால் வெட்டி, உறையவைத்து உலர்த்தினால் நம் வெள்ளைத் தூள். வழி புதிதல்ல. பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கால்மெத் 1890களில் சைகோனில் நாகக்கடியைக் கண்டபின் கண்டுபிடித்தது. ஒரே சீரம் எல்லாப் பாம்புக்கும் போதும் என்று அவர் நம்பினார். அவுஸ்திரேலியாவில் சார்ள்ஸ் மார்ட்டின் அது தங்கள் ஊர்ப் பாம்புக்குச் சரிவராது என்று சில ஆண்டுகளிலேயே காட்டிவிட்டார்.

அந்தப் பழைய வழக்குத்தான் பாக்குநீரிணையைத் தாண்டியும் வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இலங்கைப் புடையனின் விஷம் இந்தியப் புடையனின் விஷம் அல்ல. இங்கு கடிபட்டவருக்கு இரத்தம் உறையாமல் போவதோடு கண்மடலும் தொங்கும்; நரம்பும் பாதிக்கப்படும். இந்தியக் குப்பி வேலை செய்யாமல் இல்லை. ஆனால் ஒருவருக்கே பத்து, புடையன் என்றால் இருபது என்று குப்பிகளை உடைக்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் கூன்மூக்கு விரியனோ அந்த நான்கு பெயர்களிலும் இல்லை.

இதைத் திருத்த முயலாமல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் அரியரத்தினம், ஒக்ஸ்போர்டின் டேவிட் வாரல், லிவர்பூலின் டேவிட் தீக்ஸ்டன் ஆகியோர் இலங்கைப் புடையனின் விஷத்துக்கெனச் செம்மறி ஆட்டில் செய்த மருந்தை 1990களின் பிற்பகுதியில் இலங்கை நோயாளிகளில் சோதித்தார்கள். பொலங்காடாப் என்று பெயர். முடிவுகள் 2001இல் ஆய்விதழில் வெளிவந்தன. இரத்தம் உறையத் தொடங்கியது. ஆனால் மருந்து வைத்தியசாலை அலுமாரிக்கு வரவேயில்லை. பிறகு பேராதனை ஆய்வாளர்கள் கொஸ்தாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே புதிய மருந்து செய்ய முனைந்தார்கள். விஷம் உலகத்தின் மறுகோடிக்குப் போனது. வன்னியில் உடைபடுவது இன்னும் இந்தியக் குப்பிதான். வாங்குபவன் ஏழை விவசாயி என்றால் ஆய்வுக்கட்டுரை சந்தைச் சரக்காவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

எத்தனை பேர் அந்த ஏழைகள் என்பதும் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. வைத்தியசாலைப் பதிவேடு வந்தவரை மட்டும்தான் எண்ணும். விசகடி வைத்தியரிடம் போனவரும், புதூர் நாகதம்பிரான் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு வீட்டில் கிடந்தவரும், வழியில் முடிந்தவரும் அதில் இல்லை. 2012, 2013இல் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் 1,65,665 பேரைப் பற்றி விசாரித்தார்கள். மாதிரி ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. சனம் குறைந்த வட மாகாணத்துக்கும் மேல் மாகாணத்துக்கும் ஒரே அளவு. ஆண்டுக்கு 80,514 கடிகள், 464 மரணங்கள் என்று 2016இல் மதிப்பிட்டு எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் ஏற்றியது. அந்த வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்து, சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசும் கருத்தரங்குகளுக்கு நல்ல வரைபடம் ஒன்று கிடைத்தது. படத்தில் அழுத்தமான நிறம் பெரும்பாலும் வறள்வலயத்தில்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய் அந்த வறள்வலயத்தின் கடலோரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. களப்புக்கு அப்பால் புல்மோட்டை, வேறு மாவட்டம், வேறு மாகாணம். 1984 டிசம்பரில் விரட்டப்பட்ட சனம், போர் முடிந்த பின்னரே திரும்பிவந்து காணி துப்பரவாக்கியது. ஆளில்லாத கால் நூற்றாண்டில் காணிகளைக் காடு எடுத்திருந்தது. பாம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அருவி வெட்டுக் காலத்தில் வயலில் புடையன். வாடியில் பாய் விரித்துப் படுப்பவனுக்கு எட்டடி விரியன். எட்டடி விரியன் கடித்தால் வலி தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்புவான், பிறகு கண் திறக்காது, பிறகு மூச்சு நிற்கும். நரம்பு நுனியை விஷம் சிதைத்த பின் ஏற்றும் குப்பி அதைத் திருப்பித் தருவதில்லை. நுனி தானாக ஆறும்வரை செயற்கைச் சுவாச இயந்திரம்தான் ஆளைக் காப்பாற்றும்.

கொக்கிளாயிலிருந்து நாயாறு, செம்மலை, அளம்பில் தாண்டி மாஞ்சோலைக்கு 35 கிலோமீற்றருக்குக் குறையாது. 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது பெரிய உதவி. ஆனாலும் கடல் தாண்டிக் கொழும்பு மருந்துக் களஞ்சியம் வழியாக மாஞ்சோலை வரை வரும் குப்பி, அங்கிருந்து வீதியோரச் சிறு வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிறது. காரணம் தூரமல்ல, பயம். குதிரைப் புரதம் உடலுக்கு அந்நியம். ஏற்றியதும் தடிப்பு, மூச்சிரைப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வா தலைமையில் இலங்கை வைத்தியசாலைகளில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில் 1,007 நோயாளிகளில் 752 பேருக்கு ஏதோ ஓர் ஒவ்வாமை வந்தது. சின்ன இடத்தில் டொக்டர் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ' என்று அனுப்பிவிடுவதை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அதே ஆய்வு விடையையும் சொன்னது. குப்பியை ஏற்றுமுன் தோலுக்கடியில் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 விழுக்காடு குறைகிறது. வழக்கமாகப் போட்டுவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசினும் பலன் தரவில்லை. அட்ரினலின் மலிவான மருந்து. புதிய குதிரையோ வெளிநாட்டுக் கூட்டோ இதற்கு வேண்டாம். பொலங்காடாப் போல இது சந்தையில் சிக்கி நிற்க நியாயமில்லை. பழக்கப்பட்ட கை வேண்டும், கடிபட்டவரின் இரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். இத்தகைய ஆய்வுகளைப் பற்றிய கருத்தரங்குகளை எப்போதும் தலைநகர் விடுதிகளில் வைக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒன்றை மாஞ்சோலையில் வைத்தால் கொக்கிளாய் பஸ்ஸில் தாதிமார் வந்து, ஊசி போட்டுப் பழகி, பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பலாம்.