முதலில் யாருக்கு நிழல்?

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே அங்கே பெவிலியன் எழுந்தது. பொதுமக்களுக்கு நிரந்தர கேலரி வருவதற்கு வெகுகாலம் முன்பே உறுப்பினர்கள் உட்காரவும் உண்ணவும் கூரை வந்துவிட்டது. கிளப் வெள்ளையருக்கானது. எதிரணியாக ஆட வந்த இந்தியர்களுக்குக்கூட பெவிலியனில் இடமில்லை. மதிய உணவை அவர்கள் மரத்தடியில்தான் சாப்பிட்டார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத செயல் இது. அந்தக் காலத்தில்தான் புச்சிபாபு நாயுடு இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை வளர்த்தெடுத்தார். மைதானத்தில் உபசரிப்புக்கு ஒதுக்கும் இடம், யாரை விருந்தாளியாக மதிக்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கால்பந்திலும் இதே கதைதான். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதி ஆட்டம். இந்தியர்களின் அணியான மோகன் பகான் 2-1 என்று பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்றது. மைதானத்தின் ஒரு பக்கம் அந்த மைதானத்துக்குரிய கிளப்பின் உறுப்பினர்களுக்கு. டிக்கெட் கிடைக்காத பெருங்கூட்டம் மேட்டிலும் மரத்திலும் ஏறி நின்றது. அதற்கும் பின்னால் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைப் பட்டம் பறக்கவிட்டுத்தான் தெரிவித்தார்கள். அதே நகரத்தின் ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். பாதுகாப்பாக வெளியேற வழி செய்வதுதான் உபசரிப்பின் முதல் படி என்பதை அந்தச் சாவுகள் சொல்லிவிட்டன.

இன்று நிறம் பார்ப்பதில்லை, பணம் கொடுத்தால் யாரும் ஏசி பாக்ஸில் உட்காரலாம், அந்த வருமானம்தானே மைதானத்தை நடத்துகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1965இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் மேல்தளத்தில் தனி அறைகளை அமைத்தது. அதன்பின் உலகெங்கும் அது பெரிய வருவாய் வழியானது. பாக்ஸே கூடாது என்பது என் வாதமல்ல. பொது ரசிகருக்கே முதலிடம் என்ற வரிசை மாறக்கூடாது என்கிறேன். 2011 உலகக் கோப்பையையொட்டிச் சேப்பாக்கத்தில் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளில் சுமார் 12,000 இருக்கைகள். அவற்றை ஒட்டி நின்ற மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஜிம் கட்டடத்தால் போதிய இடைவெளி இல்லை. அனுமதிச் சிக்கலில் அவை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அவை திறக்கப்படாததால் 2019 ஐபிஎல் இறுதி ஆட்டமே ஹைதராபாத்துக்குப் போனது. சிலருடைய வசதிக்கான கட்டடம் பல்லாயிரம் பேரின் இருக்கைக்குக் குறுக்கே நின்றது. வருமானக் கணக்கில் பார்த்தாலும் அது நஷ்டம்தான்.

விதிமுறைச் சிக்கலை உபசரிப்போடு ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று சிலர் மறுக்கலாம். இடைவெளி, படிக்கட்டு, வாசல் ஆகியவற்றை வரைபடத்தில் முதலில் குறிக்காமல் விட்டால்தான் அந்தச் சிக்கலே வருகிறது. ஊத்துக்குளியில் ரயிலேறி, பனியன் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டு, சென்னைக்கு ஆட்டம் பார்க்கப் போகிறவரும் டிக்கெட் வாங்கிய விருந்தாளிதான். அவருக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அகலமான வாசலும் முதலில் வரைபடத்தில் ஏறட்டும். கண்ணாடி அறைகளை அதற்குப் பிறகு வரையலாம். தமிழ்நாட்டில் இனி கட்டப்படும் ஒவ்வொரு ஸ்டேடியத்துக்கும் அரசு இந்த வரிசையையே விதியாக்க வேண்டும்.