சிறு படகும் சேர்த்துக் கட்டிய கருவிகளும்

உங்கள் சைக்கிளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடையிலிருந்து வந்த நாளில் அதில் இரண்டு சக்கரங்களும் ஓர் இருக்கையும் மட்டுமே இருந்தன. பிறகு கேரியர் பூட்டினீர்கள், மணி வைத்தீர்கள், இரவில் போக டைனமோ விளக்கும் பொருத்தினீர்கள். டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்தவுடன் மிதிப்பது கொஞ்சம் கனமாகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். வெளிச்சம் கிடைத்தது, அதற்கு விலையாகக் கால்கள் கூடுதலாக உழைத்தன. எந்தக் கருவியைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

தரையில் இந்த விலை வெறும் களைப்புதான். கடலில் அது உயிராகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய மிகச் சிறிய கடற்படகான கயாக்கின் வரலாறு இதை நமக்கு நன்றாக விளக்குகிறது.

உடம்புக்கு அளவெடுத்த படகு

கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய குளிர்ப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களும் அவர்களுடைய உறவினங்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தோல் படகுகளைச் செய்து வந்திருக்கிறார்கள். முன்பு இவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்தார்கள். கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்தித் தைத்தால் கயாக் உருவாகிவிடும். மேற்புறமும் தோலால் மூடியிருக்கும். ஆள் உட்கார நடுவில் ஒரு வட்டத் துளை மட்டும் இருக்கும்.

கிரீன்லாந்து வேட்டைக்காரன் தன் படகைத் தன் உடம்புக்கே அளவெடுத்துச் செய்தான். நீளத்தைக் கைகளின் விரிவாலும் அகலத்தை இடுப்பின் அளவாலும் கணக்கிட்டான். படகின் நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். அகலம் அரை மீட்டர் அளவுதான். ஆகவே அது படகு என்பதைவிட உடம்பில் அணியும் உடை என்றே சொல்லலாம்.

அந்த ஒல்லியான படகின் மேல் அவன் எத்தனை பொருள்களை ஏற்றினான் தெரியுமா? எறியீட்டி, அதை வீசுவதற்கான எறிகோல், கொல்லும் ஈட்டி, கத்தி, நீளமான தோல் கயிறு, சீல் தோலை ஊதிச் செய்த மிதவை ஆகிய அனைத்தும் மேல்தட்டில்தான் இருந்தன.

ஈட்டி சீலின் உடலில் பாய்ந்ததும் அதன் முனை கழன்று உள்ளே குறுக்காக மாட்டிக்கொள்ளும். முனையோடு கயிறும், கயிற்றின் மறுமுனையில் மிதவையும் இணைந்திருக்கும். சீல் மூழ்கி ஓடும்போது மிதவையைத்தான் இழுத்துச் செல்லும், படகை அல்ல. இதுதான் ஏற்பாடு. ஆனால் ஓடும் கயிறு வேட்டைக்காரனின் கையிலோ துடுப்பிலோ சிக்கினால் என்ன ஆகும்? நொடிப் பொழுதில் படகு கவிழ்ந்துவிடும். பனிக்கட்டி மிதக்கும் நீரில் அப்படி இறந்தவர்கள் பலர்.

இதைத் தடுக்கப் பிறந்ததுதான் கயிற்றுத் தட்டு. ஆளுக்கு முன்னால், மேல்தட்டுக்குச் சற்று உயரத்தில், சிறு கால்களின் மேல் நிற்கும் வட்டத் தட்டு அது. கயிற்றை அதில் சுருளாக அடுக்கி வைத்தால் சிக்காமல் வெளியே பாயும். அலை மேல்தட்டைக் கழுவிச் சென்றாலும் கயிற்றை அடித்துச் செல்லாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்தட்டில் எந்தப் பொருளும் முடிச்சுப் போட்டுக் கட்டப்படவில்லை. குறுக்கே இழுத்துக் கட்டிய தோல் வார்களின் அடியில் செருகப்பட்டிருந்தன. ஒரே இழுப்பில் எதுவும் கைக்கு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

துப்பாக்கி வந்தது

19-ஆம் நூற்றாண்டில் கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடம் துப்பாக்கி பரவியது. தொலைவிலிருந்தே சுடலாம், வேட்டை எளிதாகிவிடும் என்றுதானே நமக்குத் தோன்றும்? ஆனால் புதிய கருவி வரிசையாகப் புதிய சிக்கல்களைக் கொண்டு வந்தது.

முதல் சிக்கல் ஈரம். அதற்காகச் சீல் தோலில் உறை தைத்து, மேல்தட்டில் ஆளுக்கு எதிரே பொருத்தினார்கள். இரண்டாவது சிக்கல் சீலின் கூரிய கண். அதை ஏமாற்ற, படகின் முன்புறத்தில் ஒரு வெள்ளைத் துணித் திரையை நிறுத்தினார்கள். கிரீன்லாந்து மொழியில் இதற்குத் தாலுதாக் என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் மிதக்கும் பனிக்கட்டி போலவே தெரியும்.

ஆனால் திரை என்பது ஒரு பாயும் ஆகும் அல்லவா? காற்று அதில் மோதிப் படகின் முன்முனையைத் திருப்பியது. சுடுபவனுக்கு இரு கைகளும் துப்பாக்கியில் இருக்க வேண்டும். துடுப்பால் திசையைத் திருத்த முடியாது. குறி வைத்து முடிப்பதற்குள் படகு திரும்பிவிடும். எனவே படகின் பின்முனைக்கு அடியில் ஒரு மெல்லிய பலகையைக் கட்டினார்கள். அது நீரைக் கிழித்து நின்று, பின்புறம் பக்கவாட்டில் நழுவாமல் தடுத்தது. படகு நேராகச் சென்றது.

துப்பாக்கிக்காக உறை, சீலின் கண்ணுக்காகத் திரை, திரைக்காகப் பலகை. ஒன்று மற்றொன்றைக் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் பழைய எறியீட்டியை விட முடியவில்லை. கோடைக் காலத்தில் கொழுப்புக் குறைந்த சீல், சுட்டவுடன் மூழ்கிவிடும். அதற்குள் விரைந்து சென்று ஈட்டியும் மிதவையும் பாய்ச்சியாக வேண்டும்.

கார் டியூபும் ஒரு மருத்துவரும்

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1905-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் கட்டடக்கலை மாணவர் ஆல்ஃபிரட் ஹொய்ரிக் மடித்து எடுத்துச் செல்லும் கயாக்கைச் செய்தார். ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோஹான் கிளெப்பர் 1907-இல் அதன் உரிமையைப் பெற்று விற்பனைக்குக் கொண்டு வந்தார். மரச்சட்டமும் ரப்பர் பூசிய துணியுமாக இருந்த இப்படகைப் பையில் அடைத்து ரயிலில் கொண்டு போகலாம்.

1932-இல் இத்தகைய ஒரு மடிப்புக் கயாக்கில் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து புறப்பட்டார் ஆஸ்கர் ஸ்பெக். டான்யூப் ஆறு, மத்தியதரைக் கடல், யூப்ரடீஸ் ஆறு, பாரசீக வளைகுடா என்று பயணம் நீண்டது. அவர் இந்தியாவின் மேற்குக் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, பிறகு நம் கிழக்குக் கரையோரமாகவும் வடக்கே சென்றார். துடுப்போடு சிறு பாயையும் பயன்படுத்தினார். 1939-இல் ஆஸ்திரேலியாவை அடைந்தபோது போர் மூண்டிருந்தது. ஜெர்மானியர் என்பதால் அவரைக் காவலில் வைத்துவிட்டார்கள்.

ஸ்பெக் கரையை ஒட்டியே சென்றார். நடுக்கடலில் கயாக் என்ன ஆகும்? 1928-இல் ஃபிரான்ஸ் ரோமர் தனக்கென்று செய்யப்பட்ட பெரிய மடிப்புப் படகில் கனேரித் தீவுகளிலிருந்து 58 நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஆனால் அங்கிருந்து அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டவர் புயலில் சிக்கி மறைந்துபோனார்.

1956-இல் ஹன்னஸ் லின்டமான் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதே கடலைக் கடக்க முனைந்தார். அவருடைய கயாக் 5.2 மீட்டர் நீளமுள்ள, தொழிற்சாலையில் வழக்கமாகச் செய்து விற்கும் படகு. அதில் தானே சில மாற்றங்களைச் செய்துகொண்டார். அவற்றுள் சுவையானது பக்கமிதவை. ஒரு கார் டியூபின் பாதியை எடுத்து, இரு முனைகளையும் அடைத்து, படகின் பக்கத்தில் நீட்டிய துடுப்பின் முனையில் கட்டினார்.

பாதி டியூப் என்ன செய்துவிடும் என்று கேட்கிறீர்களா? கணக்குப் போடுவோம். அதில் 10 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்ளுங்கள். முழுதும் மூழ்கினால் அது ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தாங்கும். ஆர்க்கிமிடீஸ் விதி இது. படகின் நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், நெம்புகோல் போல 10 கிலோவை 1 மீட்டரால் பெருக்கிய திருப்புவிசை கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள மனிதர் தூக்கத்தில் அந்தப் பக்கம் 14 சென்டிமீட்டர் சாய்ந்தால் உண்டாகும் விசைக்கு இது சமம். தனியாக 72 நாள்கள் கடலில் இருப்பவர் உட்கார்ந்தபடியே கண்ணயர இந்த அளவு பாதுகாப்பு தேவைப்பட்டது.

பெரும் புயல் அலைக்கோ இந்தக் கணக்கு போதாது. பயணத்தின் பிற்பகுதியில் ஓரிரவு படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு சுமார் 9 மணி நேரம் கிடந்தார் லின்டமான். விடிந்த பிறகே அதை நிமிர்த்த முடிந்தது. பொருள்களில் பலவற்றைக் கடல் கொண்டு போய்விட்டது. ஆனாலும் அவர் 1956 டிசம்பர் 30 அன்று கரீபியக் கடலின் செயின்ட் மார்ட்டின் தீவை அடைந்தார்.

மூன்று அறைகள்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடியிழை வந்ததும், கைத்திறன் உள்ள எவரும் வீட்டுக் கொட்டகையிலேயே கயாக்கைச் செய்யலாம், திருத்தலாம் என்ற நிலை உண்டாயிற்று. அப்போது தீர்க்க வேண்டியிருந்த பெரிய சிக்கல், கவிழ்ந்த படகு முழுவதும் நீர் நிறைவது.

படகின் உட்புறம் 300 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிறைந்த நீரின் எடை 300 கிலோ. கடலின் நடுவில் ஒருவர் அதைக் கவிழ்த்துக் கொட்ட முடியுமா? முன்னும் பின்னும் ஒவ்வொரு தடுப்புச் சுவர் வைத்துவிட்டால், நீர் நடு அறையில் மட்டுமே புகும். முனைகள் இரண்டும் மிதவைகளாகிவிடும். ஆனால் சுவர் வைத்தபின் உள்ளே பொருள் வைப்பது எப்படி? மேல்தட்டில் துளையிட்டு, இறுக்கமான ரப்பர் மூடி போட வேண்டும்.

இங்கிலாந்தில் ஃபிராங்க் குட்மன் 1975-ஆம் ஆண்டின் நார்வே பயணத்துக்காக நார்ட்காப் என்ற கயாக்கை வடிவமைத்தார். தடுப்புச் சுவர், வட்ட மூடி, நீரை இறைக்கும் கைப் பம்பு ஆகியவை கடற்கயாக்கின் வழக்கமான உறுப்புகளாக ஆனதில் இத்தகைய படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1977-இல் குட்மனும் மூன்று தோழர்களும் கயாக்குகளில் தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தார்கள்.

இதற்கும் விலை உண்டா? உண்டு. காற்றுப் புகாமல் மூடிய அறையை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? 27 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்குச் சூடானால், உள்ளே அழுத்தம் பதினைந்தில் ஒரு பங்கு கூடும். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூடியை அது சுமார் 20 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். அந்தப் படகைக் குளிர்ந்த நீரில் இறக்கினாலோ, மூடி உள்ளே இழுக்கப்படும். ஓரத்தில் நீர் கசியும். இதற்கு மருந்து, தடுப்புச் சுவரில் ஊசியளவு துளை ஒன்று. காற்று அதன் வழியே மெல்லப் போய்வரும். சில நிமிட நேரத்தில் நுழையும் நீர் மிகச் சொற்பமே. நீரைத் தடுக்கச் சுவர் வைத்தவரே அதில் துளையும் போட வேண்டியதாயிற்று!

நீங்கள் திருத்துவதானால்

கயாக்கோ வேறு சிறு படகோ, அதில் ஒன்றைச் சேர்க்குமுன் சிலவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது? மேல்தட்டில் உயரமாக வைத்த 5 கிலோ, அடித்தளத்தில் வைத்த 20 கிலோவைவிடத் தொல்லை தரலாம். காற்று அதில் மோதுமா? திசைகாட்டிக்கு அருகில் இரும்பு இருக்கிறதா? முன் அறையில் அடுக்கிய உணவு டின்கள்கூட முள்ளைத் தவறாகத் திருப்பிவிடும். துளையிட்ட இடம் நீர் புகாமல் அடைபட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, படகு தலைகீழாகும்போது இது என்ன செய்யும்? கால் மாட்டுமா, கயிறு சுற்றுமா?

கடைசிக் கேள்விக்கு விடையைக் கரையோரத்தில், துணைக்கு ஆள் இருக்கும்போது, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நடுக்கடலில் முதல் சோதனை நடக்கக் கூடாது.

கிரீன்லாந்து வேட்டைக்காரனின் தோல் வார்களை இப்போது நினைத்துப் பாருங்கள். ஈட்டியும் மிதவையும் அவன் படகோடு இருந்தன. ஆனால் படகோடு பிணைக்கப்படவில்லை. ஒரு பொருளைப் படகில் சேர்க்கும்போதே அது எப்படிப் பிரிய வேண்டும் என்பதையும் அவன் முடிவு செய்திருந்தான். அந்த அறிவைப் பெற அவன் முன்னோர் கொடுத்த விலை சிறிதல்ல. அடுத்த முறை உங்கள் சைக்கிளில் எதையாவது கயிற்றால் கட்டும்போது, அந்தக் கயிற்றின் தொங்கும் முனை சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.