மழைச் சட்டையின் கதை

நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கை நனையாதிருக்கும் பொருட்டு ரப்பர் விரிப்பு ஒன்றினை விரிப்பது வழக்கம். செவிலியர் அதனை ‘மக்கின்டாஷ்’ என்பர். அது உண்மையில் ஒரு மனிதரின் பெயர். ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் 1766ஆம் ஆண்டு பிறந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்பாரின் பெயரே இவ்வாறு துணிக்கும் மழைச் சட்டைக்கும் ஆகி வந்தது. ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் இதனைக் குறித்து வைத்துக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயருக்கு அவர் ஒருவரே முழு உரிமை உடையவரா? இன்று நான் ஆராய விரும்புவது இதனைத்தான்.

அமெசான் காடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் ஒருவகை மரத்தின் பாலைத் துணியின்மீது பூசி, நீர் புகாத ஆடைகளும் காலணிகளும் செய்து வந்தனர். பிரெஞ்சு அறிஞர் லா கோண்டமைன் 1736இல் அப்பாலின் கட்டியைப் பாரிசுக்கு அனுப்பினார். கட்டியை அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். மரப்பால் நெடும் பயணத்தில் உறைந்துவிடும். கடல் கடந்து வருவது திரண்ட கட்டியே. அதனை மீண்டும் நீர்மமாக்கினால் அல்லவா துணியில் பூச இயலும்? ரப்பரைக் கரைக்கும் மலிவான நீர்மம் எது? பல்லாண்டுகள் ஐரோப்பியரைத் திகைக்க வைத்த புதிர் இதுவே.

விடை கிடைத்த இடம் கழிவுத் தொட்டி! சார்லசின் தந்தையார் ஒருவகைக் கற்பாசியிலிருந்து ஊதாச் சாயம் செய்யும் தொழில் நடத்தியவர். தொழில் மறை வெளியே கசியாமலிருக்க ஆலையைச் சுற்றிப் பத்தடி மதில் எழுப்பி, மலைநாட்டுக் கேலிக் மொழி மட்டுமே பேசுவோரை வேலைக்கு அமர்த்தினாராம். அச்சாயத்துக்கு அம்மோனியா தேவை. நகரத்து வீடுகளிலிருந்து சிறுநீரைத் திரட்டி அதனைப் பெற்று வந்தனர். பிறகு கிளாஸ்கோவில் நிலக்கரி வாயு விளக்குகள் வந்தன. வாயு எடுத்தபின் எஞ்சும் கழிவில் அம்மோனியாவும் உண்டு, தாரும் உண்டு. 1819இல் சார்லஸ் அக்கழிவினை வாங்க ஒப்பந்தம் செய்து கொண்டார். அவர் வேண்டியது அம்மோனியா. கூடவே வந்தது தார். அத்தாரை வடித்தால் கிடைப்பது நாப்தா. ரப்பரைக் கரைக்க வல்லது அதுவே.

இங்குதான் வேறொருவர் வந்து நிற்கிறார். 1818ஆம் ஆண்டிலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்னும் பதினெட்டு வயது மாணவர், தாரிலிருந்து வடித்த நீர்மம் ரப்பரைக் கரைக்கும் எனக் கண்டு, அறிவியல் இதழொன்றில் வெளியிட்டிருந்தார். காப்புரிமையை அவர் நாடவில்லை. மருத்துவம் பயின்று, பிற்காலத்தில் புகழ் மிக்க அறுவை மருத்துவரானார். அவர் வாழ்ந்த மருத்துவ உலகில் இன்றும் வழங்கும் பெயர் மக்கின்டாஷ் என்பதே!

இதனால் சார்லசைக் கள்வர் என்று தூற்றுவோரோடு நான் உடன்படேன். ரப்பர்க் கரைசலைத் துணியின் மேற்புறம் பூசினால், தொட்ட கையெல்லாம் ஒட்டிக் கொள்ளும். கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பரப்பி, இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒரே துணியாக்குவது சார்லசின் முறை. 1823இல் அவர் காப்புரிமை பெற்றது இதற்கே. கரைப்பானைக் கண்டவர் சைம்; துணியைக் கண்டவர் சார்லஸ். மான்செஸ்டரில் ஆலை எழுந்தது. 1825இல் வடதுருவ நாடுகளை ஆராயப் புறப்பட்ட பிராங்க்ளின் குழுவினர், இத்துணி போர்த்திய இலேசான படகு ஒன்றினைச் சுமந்து சென்றனர்.

எனினும் அச்சட்டையை அணிந்தோர் பட்ட பாடு சிறிதன்று. வெயிலில் அது இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் பலகையாகும். நாற்றமோ சொல்லி முடியாது. கம்பளியிலுள்ள இயற்கை எண்ணெய் ரப்பரை அரித்தது. தையற்காரர்கள் வழக்கம்போல் ஊசியால் தைக்க, ஒவ்வொரு துளையிலும் மழை நுழைந்தது. துணி நல்லதே, தையலே குற்றம் என்று வாங்கியவருக்கு யார் சொல்வது?

இலண்டனில் தாமஸ் ஹான்காக் என்பார் 1820இல் ஒரு பொறி செய்தார். முட்கள் பதித்த உருளை சுழன்று ரப்பர்த் துண்டுகளைக் கிழிக்கும் என எதிர்பார்த்தார். அவையோ ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாயின. எதிர்பாராத இந்த விளைவு பெரும் நன்மையாயிற்று. பிசைந்த ரப்பர் எளிதில் கரைந்தது. பொறியின் மறையைக் காக்க அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஊறுகாய்’! பின்னர் இவர் சார்லசின் தொழிலில் பங்காளியானார். துணி மேம்பட்டது. ஆனால் வெயிலும் குளிரும் இன்னும் வெல்லப்படவில்லை.

அதனை வென்றவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அவர் செய்து கொடுத்த ரப்பர் அஞ்சற் பைகள் கோடையில் உருகித் தொங்கின. கடன்பட்டார், சிறையும் கண்டார். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை, தோல்போல் கருகியது. அக்கருகலின் ஓரத்தில், வளைந்தும் நீண்டும் கொடுக்கும் புதிய பொருளை அவர் கண்டார். இதனை வெறும் தற்செயல் என்பதை அவர் ஒப்பவில்லை. இடைவிடாது உற்று நோக்கியதன் பயன் என்றே வாதிட்டார். அது நியாயமே. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் வெப்பத்தில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். கந்தகம் அவற்றிடையே பாலம்போல் நின்று பிணைத்து விடுகிறது. அதனால் இளக்கமும் விறைப்பும் நீங்குகின்றன.

குட்இயரின் மாதிரித் துண்டுகள் ஹான்காக்கின் கைக்கும் எட்டின. அவற்றின் மேலிருந்த கந்தகப் பொடி அவருக்குக் குறிப்புணர்த்திற்று. 1843 நவம்பரில் இங்கிலாந்தில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் தம் நாட்டில் உரிமை பெற்றது 1844இல். இங்கிலாந்து உரிமை அவருக்குக் கிட்டவே இல்லை. 1860இல் கடனோடு மாண்டார். மக்கின்டாஷோ 1843 ஜூலையிலேயே மறைந்துவிட்டார். தம் பெயர் தாங்கிய சட்டை வெயிலில் இளகாத நாளை அவர் பார்க்கவில்லை.

தேவை பெருகியதும் அமெசான் காடு மட்டும் போதவில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தன. அங்கு முளைத்த கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறின. பிறகு மலாயாவில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அங்கே விடியற்காலை இருளில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக் கணக்கானோர் குடும்பத்தோடு சென்றனர். ரப்பர் மரத்துக்கு அவர்களிடையே வழங்கிய பெயர் பால்மரம்.