கறுப்பா வெள்ளையா: ஒரு கொலு பொம்மையும் ஆர்மாமலையும்

போன வாரம் ஒரு தப்பு பண்ணிட்டேன் மக்களே. பாட்டி காலத்து கிருஷ்ணர் பொம்மை, சாண் உயரம், சாயம் உதிர்ந்து கிடந்தது. கொலுவுக்கு முன்னாடி புதுசா பெயிண்ட் அடிக்கலாம்னு உட்கார்ந்தேன். குட்டி சோல்ஜர் பொம்மைகளுக்கு சாயம் பூசுற வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் முதல் கோட்டா கறுப்புதான் அடிக்கிறாங்க. மடிப்புகளில் நிழல் தானா விழுந்துடும். நானும் முகத்தை விட்டுட்டு கறுப்பு அடிச்சேன். மேலே மஞ்சள் பட்டு பூசினா, பாசி பிடிச்ச பச்சை! மூணு கோட்டு போட்டும் அதே கதை. அம்மா பாத்துட்டு, "இது யார் வீட்டு பொம்மைடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இதுக்கு விடை எங்க ஊர்ப் பக்கமே 1200 வருஷமா இருக்கு. ஆம்பூர்னா பிரியாணி, தோல் ஷாப்புன்னுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பக்கத்துல மலையம்பட்டில் ஆர்மாமலைன்னு ஒரு சமணர் குகை இருக்கு. எட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள். தாமரைக் குளம், திசைக் காவலர்கள். எல்லாத்துக்கும் அடியில் இருக்கிறது வெள்ளைச் சுண்ணாம்பு.

காரணம் எளிசுதான். சாயம் எப்பவும் மெல்லிசு. அதைத் தாண்டிப் போற வெளிச்சத்தை வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு முழுங்கிடும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தில் சாயம் பூசினா, காத்தில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து கல்லா இறுகி, சாயத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். ஆனா அந்தப் பூச்சு உதிர்ந்தா ஓவியமும் போச்சு. ஆர்மாமலையில் நிறைய போனது அப்படித்தான்.

தஞ்சை பெரிய கோயிலில் கதை தலைகீழ். நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியத்து மேலேயே புதுசா சுண்ணாம்பு பூசி வேற படம் வரைஞ்சுட்டாங்க. அந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தில்தான் 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்ணில் உள்ளே இருந்த சோழர் ஓவியம் பட்டது. மறைச்ச பூச்சே காப்பாத்தியும் வச்சிருக்கு பாருங்க.

பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைக்காரர்களும் முதல்ல வெள்ளைதான் அடிக்கிறாங்க. இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஏன் கறுப்பு டப்பாவைத் திறந்தேன்னு கேக்காதீங்க :-)

நேத்து உப்புத்தாள் வச்சு மெதுவா தேய்ச்சேன். கறுப்புக்கு அடியில் பழைய பொம்மைக்காரர் பூசின வெள்ளை அங்கங்கே எட்டிப் பாக்குது. சாக்கட்டித் தூளும் பசையும் வாங்கி வச்சாச்சு. கண் மட்டும் அவர் எழுதினது அப்படியே இருக்கு. அதில் கை வைக்கப் போறதில்லை.