வெடி விபத்துக்குப் பிறகு... நிவாரணம் வாங்க அலையும் குடும்பங்களின் மனசு என்னாகிறது?

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம். சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இறந்தவர்கள் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

டிவியில் தொகையைப் பார்த்ததும் 'அப்பாடா' என்று தோணும். ஆனா, அந்தப் பணம் கைக்கு வர்றதுக்குள்ள நடக்குறது வேற கதை. இறப்புச் சான்றிதழ் வாங்கணும். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கணும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரிச்சு, தாசில்தார் ஒப்புதல் தரணும். ஒவ்வொரு மேஜையிலும் 'எப்படி இறந்தார்?' என்ற அதே கேள்வி. கணவரைப் பறிகொடுத்த பெண் அந்த நாளை மறுபடி மறுபடி வாழ வேண்டியிருக்கு.

இந்த மாதிரி அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் போகும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு பதறும். பட்டாசுச் சத்தமே பிழைப்பான ஊர்ல எங்கே ஓடி ஒளியுறது?

இன்னொரு குழப்பமும் உண்டு. நிவாரணம் வேற, இழப்பீடு வேற. நிவாரணம் அரசு மனமிரங்கிக் கொடுப்பது; இழப்பீடு தொழிலாளியின் உரிமை. இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால், சார்ந்திருப்போருக்கு அங்கிருந்தே மாதாமாதம் பணம் வரும். இல்லைன்னா, இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து நடந்த 2 வருஷத்துக்குள் கோரணும். வயதையும் சம்பளத்தையும் வைத்து தொகை கணக்காகும். உள்குத்தகையில் ஓடுற ஆலையில் வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாம வேலை பார்த்திருந்தா, 'அவர் இங்கேதான் வேலை பார்த்தார்' என்று நிரூபிக்கிறதே பெரும்பாடு. துக்கத்தில் இருக்கிறவங்க 2 வருஷத்தைத் தவறவிடுறது ரொம்ப சுலபம்.

வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு விட்டுடாதீங்க. தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அழைக்க: 15100. ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகள் படிப்புச் செலவை அரசே ஏற்கும்னு 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதுக்கு முதல்கட்டமா 5 கோடி. இதை கலெக்டர் ஆபீஸில் கேட்கலாம்.

மனசுக்கு? 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நிவாரண விண்ணப்பம் கொடுக்குற இடத்திலேயே இந்த நம்பரையும் ஒட்டி வெச்சா என்ன?

தெரிஞ்ச குடும்பம் ஏதாவது இப்படி அலையுதுன்னா, சான்றிதழ்களை உங்க போனில் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிட்டு, கூடவே போங்க. 'எப்படி இறந்தார்?' என்ற கேள்விக்கு அந்த அக்காவுக்குப் பதிலா நீங்க பதில் சொல்லுங்க.