இறுதியாட்டத்தைப் பின்னிருந்து படித்த கணினிகள்

சதுரங்கத்தில் பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, ராஜாக்களோடு ஒருசில காய்கள் மட்டும் எஞ்சும் கட்டமே இறுதியாட்டம். காய்கள் குறைந்தால் கணக்கும் எளிதாகும் என்றுதான் தோன்றும். ஆனால் கணினிச் சதுரங்கத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் நிரல்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். அந்தத் தடுமாற்றத்திலிருந்து பிறந்த ஒரு முறை, இந்தக் கட்டத்தின் ஒரு பகுதியை மதிப்பீட்டிலிருந்து விடுவித்து நிரூபணத்திடம் ஒப்படைத்தது.

இயந்திரம் முதலில் ஆடியதே இறுதியாட்டத்தைத்தான். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லெயோனார்தோ டோரஸ் இ கெவேதோ 1912இல் உருவாக்கி 1914இல் பாரிஸில் காட்டிய மின்பொறி, வெள்ளை ராஜாவையும் யானையையும் கொண்டு, மனிதர் நகர்த்தும் கறுப்பு ராஜாவுக்குச் செக்மேட் கொடுத்தது. அதற்குத் தேடல் எதுவும் இல்லை. காய்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து எதை நகர்த்துவது என்ற சில விதிகள் மின்சுற்றில் பதிக்கப்பட்டிருந்தன. வெற்றி நிச்சயம், ஆனால் அது எப்போதும் மிகக் குறுகிய வழியில் கிடைக்கவில்லை.

இன்றைய நிரல்களுக்கு அடித்தளமிட்டது 1950இல் வெளியான கிளாட் ஷானனின் கட்டுரை. நகர்த்தல்களையும் பதில் நகர்த்தல்களையும் சில படிகள் முன்னோக்கிப் பார்த்து, அங்கே கிடைக்கும் நிலைகளுக்கு மதிப்பெண் போடுவது அதன் வழி. ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. இவற்றோடு சிப்பாய் அமைப்பும் காய்களின் நடமாட்டமும் சேரும். பயனற்ற கிளைகளை வெட்டும் ஆல்பா–பீட்டா முறை வந்தபின் தேடல் மேலும் ஆழமானது.

நடு ஆட்டத்துக்குப் பொருந்திய இந்த வழி இறுதியாட்டத்தில் இரண்டு இடங்களில் முட்டியது. முதலாவது, தூரம். ஒரு சிப்பாய் ராணியாக மாறுவது பதினைந்து நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கலாம். தேடல் அதற்கு முன்பே நின்றுவிடும். தேடலின் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஆபத்தை நிரல் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும் இந்தக் குறையை ஹான்ஸ் பெர்லினர் 1973இல் ‘அடிவான விளைவு’ என்று பெயரிட்டு விளக்கினார். இரண்டாவது, காய்களின் மதிப்பு மாறுவது. நடு ஆட்டத்தில் ஒளிந்திருக்க வேண்டிய ராஜா, இறுதியாட்டத்தில் பலகையின் நடுவுக்கு வந்து போராட வேண்டும்.

இரண்டாவது சிக்கலுக்கு விடை மதிப்பீட்டிலேயே கிடைத்தது. நடு ஆட்டத்துக்கு ஒன்று, இறுதியாட்டத்துக்கு ஒன்று என இரு மதிப்பெண்களைக் கணக்கிட்டு, எஞ்சியுள்ள காய்களுக்கு ஏற்ப இரண்டையும் கலக்கும் முறை பரவியது. எதிர்ச் சிப்பாய்களின் தடையின்றி முன்னேறக்கூடிய சிப்பாய்க்குக் கூடுதல் மதிப்பெண் தரப்பட்டது. தனித்து நிற்கும் எதிரி ராஜா ஓரத்துக்கோ மூலைக்கோ தள்ளப்பட்டால் அதற்கும் மதிப்பெண் உண்டு. எதிரெதிர் நிறக் கட்டங்களில் நகரும் பிஷப்புகள் மட்டும் எஞ்சினால், ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிராவில் முடிவது வழக்கம். எனவே அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கவும் நிரல்களுக்குச் சொல்லித்தரப்பட்டது.

தூரத்தைச் சமாளிக்க நினைவகம் உதவியது. வேறுவேறு வரிசையில் நகர்த்தினாலும் ஒரே நிலைக்கு வந்துசேர முடியும். ஒருமுறை ஆராய்ந்த நிலையின் முடிவைச் சேமித்துவைத்தால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. 1960களில் எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய நிரலே இத்தகைய அட்டவணையைப் பயன்படுத்தியது. சிப்பாய்கள் ஒன்றையொன்று மறித்து நிற்க, ராஜாக்கள் மட்டுமே நடமாடும் ஆட்டத்தில் இதன் பலன் மிகப் பெரியது. அங்கே வெவ்வேறு நிலைகளின் எண்ணிக்கையே குறைவு. ரூபன் ஃபைன் 1941இல் வெளியிட்ட இறுதியாட்ட நூலின் 70ஆவது நிலை இதற்கான சோதனைக் கல்லாயிற்று. அதில் வெள்ளை வெல்ல ராஜாவை முதலில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தலின் பயன் வெகுதூரம் கழித்தே தெரியும். சேமிப்பு அட்டவணை உள்ள நிரல்கள் இதை விரைவில் கண்டுபிடித்தன.

நடு ஆட்டத்தில் கைகொடுத்த ஓர் உத்தியை இறுதியாட்டத்தில் கைவிடவும் வேண்டியிருந்தது. ‘ஒரு முறை நகர்த்தாமல் விட்டாலும் நம் நிலை நன்றாகவே இருக்கிறது என்றால், இந்தக் கிளையை மேலும் ஆராய வேண்டாம்’ என்பது அந்த உத்தி. இறுதியாட்டத்திலோ நகர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமே தோல்விக்குக் காரணமாகும் நிலைகள் ஏராளம். ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சியவுடன் நிரல்கள் அந்த உத்தியை நிறுத்திவிடுகின்றன.

இவை எல்லாம் முன்னோக்கிய தேடலைச் செப்பனிட்ட வழிகள். தேடலையே திருப்பிப் போட்டது இன்னொரு சிந்தனை. ரிச்சர்ட் பெல்மன் 1965இல் இதை முன்மொழிந்தார். மியூனிக்கில் தாமஸ் ஸ்ட்ரோலைன் 1970இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் செய்துகாட்டினார். குறிப்பிட்ட காய்களைக் கொண்டு அமையக்கூடிய எல்லா நிலைகளும் முதலில் பட்டியலிடப்படும். அவற்றில் செக்மேட் ஆகிவிட்ட நிலைகள் ‘தோல்வி’ என்று குறிக்கப்படும். ஒரே நகர்த்தலில் எதிரியைத் தோல்வி நிலைக்குத் தள்ளக்கூடிய நிலை ‘வெற்றி’. எப்படி நகர்த்தினாலும் எதிரிக்கு வெற்றி நிலையே கிடைக்கும் என்றால் அது ‘தோல்வி’. இப்படியே பின்னோக்கிச் சென்று, புதிதாகக் குறிக்க எதுவும் இல்லாதபோது எஞ்சுபவை அனைத்தும் டிரா. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. ராஜாவும் யானையும் தனி ராஜாவை அதிகபட்சம் 16 நகர்த்தல்களில் வீழ்த்தும் என்பதும், யானைக்குப் பதில் ராணி இருந்தால் 10 போதும் என்பதும் இவ்வாறு உறுதியாயின.

இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்ட அட்டவணையின் வலிமையைச் சதுரங்க உலகம் 1970களின் பிற்பகுதியில் நேரில் கண்டது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், பெல் ஆய்வகத்தில் ராணிக்கு எதிராக யானை ஆடும் இறுதியாட்டத்தை முழுமையாகக் கணக்கிட்டிருந்தார். ராணி வைத்திருப்பவர் எளிதில் வெல்வார் என்பதே அன்றைய நம்பிக்கை. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் அந்த அட்டவணைக்கு எதிராக ராணியோடு ஆடினார். சரியாக ஆடினால் 31 நகர்த்தல்களுக்குள் முடியக்கூடிய ஆட்டம் அது. கணினியோ யானையை ராஜாவிடமிருந்து விலக்கி வைத்து, நூல்கள் சொல்லாத வழிகளில் தற்காத்தது. வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல்கள் கடந்தால் டிரா என்பது விதி. முதல் முயற்சியில் பிரவுனால் அந்த வரம்புக்குள் வெல்ல முடியவில்லை. நிலையை நன்கு ஆராய்ந்துவிட்டு வந்து, இரண்டாம் முயற்சியில் சரியாக 50ஆவது நகர்த்தலில் வென்றார்.

அடுத்து மாறியது பழைய தீர்ப்பு. இரண்டு பிஷப்புகளுக்கு எதிராக ஒரு குதிரை இருந்தால், 1851இல் சதுரங்க நூலாசிரியர்கள் கிளிங்கும் ஹோர்விட்ஸும் காட்டிய தற்காப்பு அமைப்பால் டிரா செய்யலாம் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் கருதப்பட்டது. 1980களில் தாம்சன் கணக்கிட்டபோது அது பொதுவாக வெற்றி ஆட்டம் என்றும், சில நிலைகளில் 66 நகர்த்தல்கள் வரை தேவை என்றும் தெரிந்தது. இப்படி நீளும் சில வகை ஆட்டங்களுக்கு 50 நகர்த்தல் விதியிலிருந்து உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே விலக்கு அளித்தது. பிறகு 1992இல் அந்த விலக்குகளைத் திரும்பப் பெற்றது.

காய்கள் கூடக் கூட அட்டவணையும் பெருத்தது. 1990களில் யூஜின் நலிமோவின் அட்டவணைகள் செக்மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்பதைச் சேமித்தன. 2005 அளவில் ராஜாக்களையும் சேர்த்து ஆறு காய்கள் வரை எட்டின. 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசோவ் மீக்கணினி ஏழு காய்களைக் கணக்கிட்டது. அந்த அட்டவணைகளின் அளவு சுமார் 140 டெராபைட். ஏழு காய்களில் அறியப்பட்ட மிக நீண்ட செக்மேட் 549 நகர்த்தல்கள் கொண்டது. அதில் பெரும்பாலான நகர்த்தல்களின் நோக்கத்தை மனிதர்களால் விளக்க முடியவில்லை.

இவ்வளவு பெரிய அட்டவணையை ஆட்டத்தின் நடுவே புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிசிஜி அட்டவணைகள் இதற்கு வழி செய்தன. வெற்றியா, டிராவா, தோல்வியா என்பது மட்டும் ஒரு சிறிய கோப்பில் இருக்கும். தேடலின்போது நிரல் அதையே பார்க்கும். அடுத்த வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற விவரம் வேறு கோப்பில் இருக்கும். ஆட்டம் உண்மையிலேயே அட்டவணைக்குள் வந்தபின் அது பயன்படும். ஆறு காய்கள் வரை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 ஜிகாபைட்தான். ஏழு காய்களுக்கான கணக்கு 2018இல் முடிந்தது.

2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் நிரல் நரம்பு வலையமைப்பைக் கொண்டு நிலைகளை மதிப்பிடுகிறது. முன்பு நிரலாளர்கள் கையால் எழுதிய இறுதியாட்ட விதிகள் பலவற்றை அது கோடிக்கணக்கான நிலைகளிலிருந்து தானே கற்றுக்கொண்டது. ஆனாலும் ஏழு காய்களுக்கு மேல் அது தருவது மதிப்பீடுதான். காய்கள் குறைவாக இருக்கும் தரப்பு அசைக்க முடியாத கோட்டை அமைத்துக்கொள்ளும் நிலைகளில், இன்றைய நிரல்களும் சில வேளைகளில் இல்லாத வெற்றியைக் காண்கின்றன. ஆட்டம் ஏழு காய்களாகக் குறைந்த பிறகே அட்டவணை உறுதியான தீர்ப்பைத் தருகிறது. எட்டுக் காய்களுக்கு அத்தகைய முழு அட்டவணை இன்னும் உருவாகவில்லை.